குறைத்துண்பதற்கும் ஓர் எல்லையுண்டு

உடலைப் பேணுதல் கல்வியைப் பேணுதற்கு முற்பட்ட கருவியாம் என்பது கல்லூரியில் வாழும் நம்மனோர் யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மையே. ஆயினும், பேணுதல் என்னும் பெயராலேயே உடலை வருத்துதலும் இந்நாளில் நம்மிடையே நிகழ்கின்றது. அதனைக் குறித்துச் சில கூற விழைந்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, விடுதியில் உறையும் மாணவர் ஒருவர் நூலகப் படிகளில் ஏறுங்கால் கண்ணிருண்டு அப்படியே அமர்ந்துவிட்டார். அருகிலிருந்த யாம் அவரைத் தாங்கி, சிறிது நீர் பருகச் செய்து, அன்று உண்டது யாது என வினவினோம். அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். ஐந்து வாரங்களாக அவர் உண்ட ஒவ்வொரு கவளமும் அதில் கலோரிக் கணக்கோடு எழுதப்பட்டிருந்தது. பருத்த உடலை இளைக்கச் செய்தற்பொருட்டு மருத்துவர் ஒருவர் அவருக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி என வரையறுத்திருந்தார். குறிப்பேட்டிலோ 1,100-க்கு மேற்பட்ட நாள் ஒன்றேனும் இல்லை. "ஐயா, இலக்கு 1,700 எனின், அதனினும் குறைய உண்பவன் விரைவில் கரை சேர்வான் அன்றோ? இதில் தவறு யாது?" என்று அவர் எம்மை வினவினார். அவர் குரலில் பசியின் சோர்வும் வெற்றியின் பெருமிதமும் ஒருங்கே தோன்றின.

இவ்வினா அம்மாணவர் ஒருவர்க்கே உரியதன்று. உடல் இளைக்க முயலும் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். ஓட்டப் பந்தயத்தில் குறித்த நேரத்திற்கு முன் ஓடி முடிப்பவன் சிறந்தவனாதல் போல, குறித்த உணவினும் குறைய உண்பவனும் சிறந்தவனே என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

முதற்கண் கலோரி என்பது யாதெனக் காண்போம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு சென்டிகிரேடு பாகை உயர்த்துதற்கு வேண்டும் வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரியாகும். பௌதிக நூலார் ஒரு கிராம் நீரைக்கொண்டு அளக்கும் சிறு கலோரியின் ஆயிரம் மடங்கு இஃதாதலின், கிலோகலோரி எனவும் இதனை வழங்குவர். உயிருடம்பில் நிகழும் உயிர்ப்பும் அடுப்பில் நிகழும் எரிதலும் ஓரினத்தனவே என்பதை, 1780-களில் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞராகிய லவாய்சியர், லாப்லாஸ் என்னும் கணித அறிஞரோடு கூடி ஆராய்ந்து காட்டினார். பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகி வழிந்த நீரை அவ்விருவரும் அளந்தனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாகாணத்து மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்பார், ஒரு மனிதன் உண்டும் உறங்கியும் உழைத்தும் பல நாள் தங்கத்தக்க ஓர் அறையை அமைத்து, அவன் உடலினின்று வெளிப்படும் வெப்பத்தை நுட்பமாக அளந்தார். மாவுச்சத்தும் புரதமும் கிராமொன்றுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராமொன்றுக்கு 9 கலோரியும் தரும் என்று இன்றும் நாம் கொள்ளும் கணக்கு அவர் ஆராய்ச்சியின் பயனே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி தரும் என்றால், தாளிப்பில் ஊற்றப்படும் எண்ணெயை எவரும் எளிதாக எண்ணார்.

நம் நாட்டு உணவுகளின் கணக்கு நம் நீலகிரி மலையிலேயே உருவாயிற்று என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1918-ஆம் ஆண்டில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அதன் தலைவராக அமர்ந்த ஐக்ராயிட் என்பார் 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணையாக வகுத்து வெளியிட்டார். அக்கூடம் 1958-இல் ஹைதராபாத்திற்குப் பெயர்ந்தது. 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பூண்டு விளங்குகின்றது. 65 கிலோ எடையுள்ள, அமர்ந்து தொழில் செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள அத்தகைய பெண்டிர்க்கு 1,660 கலோரியும் வேண்டும் என்று அந்நிறுவனம் 2020-இல் வரையறுத்தது.

இனி, உடல் இளைப்பதற்கென ஓர் இலக்கு எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதைக் காண்போம். உடல் நாள்தோறும் செய்யும் செலவு மூவகைப்படும். ஒருவன் அசையாது படுத்திருப்பினும் இதயம் துடித்தற்கும், மூச்சு இயங்கற்கும், மூளை தொழிற்படற்கும், உடற்சூடு நிலைத்தற்கும் ஆகும் செலவு முதலாவது. நம்போன்றோரிடத்து மொத்தச் செலவில் பெரும்பகுதி இதுவே. நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு வரை இதற்கே போகும். உண்ட உணவைச் செரித்தற்கு ஆகும் செலவு இரண்டாவது. அது நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்காம். நடத்தல், ஏறுதல், விளையாடுதல் முதலியவற்றோடு, நாம் அறியாமலே செய்யும் சிற்றசைவுகளுக்கும் ஆகும் செலவு மூன்றாவது.

அம்மாணவரின் எடை, உயரம், வயது, உழைப்பு ஆகியவற்றை நோக்கி, அவர் உடல் நாளொன்றுக்கு 2,200 கலோரி செலவிடும் என மருத்துவர் மதிப்பிட்டார். அதனினின்று 500-ஐக் கழித்து 1,700 என்னும் இலக்கை வகுத்தார். ஆகவே, 1,700 என்பது அவர் உடல் வேண்டிய தொகையினின்று முன்னரே குறைக்கப்பட்ட தொகையாம். இதனை மாணவர் அறிந்திலர். ஒரு குடும்பத் தலைவர் தம் மாத வருவாயில் சேமிப்பிற்கென ஒரு பகுதியை முன்னரே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை இல்லச் செலவிற்கென மனைவியாரிடம் கொடுக்கின்றார் எனக் கொள்வோம். அத்தொகையிலும் மூன்றிலொரு பங்கை மிச்சம் பிடிக்க முயன்றால், குழந்தையின் பாலையோ, பள்ளிச் சம்பளத்தையோ, மருந்தையோ நிறுத்தியே அதனைச் செய்தல் கூடும். மாணவர் செய்ததும் அத்தகைய சிக்கனமே.

ஏட்டுக் கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். உடற்கொழுப்புத் திரட்சியில் ஒரு கிலோ குறைதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி குறைவு வேண்டும் என்பது 1958-இல் விஷ்ணாஃப்ஸ்கி என்னும் மருத்துவர் செய்த கணக்கினின்று பரவிய விதி. நாளொன்றுக்கு 500 குறைந்தால் வாரத்தில் 3,500. அஃதாவது அரைக் கிலோவினும் சிறிது குறைவு. நாளொன்றுக்கு 1,100 குறைந்தால் வாரத்தில் 7,700. அஃதாவது முழுமையாக ஒரு கிலோ. இருமடங்கு விரைவு வெளிப்படை. ஆயின் இக்கணக்கு இரண்டு செய்திகளைக் கொள்ளாது விடுகின்றது. குறையும் எடை முழுதும் கொழுப்பே என்று அது கொள்கின்றது. உடலின் செலவு என்றும் மாறாது நிற்கும் என்றும் கொள்கின்றது. இவ்விரண்டும் உண்மையல்ல என்பதற்கு மறுக்கலாகாச் சான்று ஒன்று உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், ஐரோப்பாவில் பசியால் நலிந்த மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிதற்பொருட்டு, அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். கொலைத்தொழிலை மனச்சான்று ஏலாமையால் படையிற் சேர மறுத்து, வேறு பொதுத்தொண்டு புரிந்து வந்த இளைஞருள் 36 பேர், பிறர் பசி தீரும் வழி காணத் தாம் பசித்திருக்க மனமுவந்து முன்வந்தனர். பல்கலைக்கழகத்து விளையாட்டரங்கின் அடியிலிருந்த அறைகளில் அவர்கள் தங்கினர். 1944 நவம்பரில் தொடங்கிய அவ்வாராய்ச்சியில், முதற் பன்னிரண்டு வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி அளிக்கப்பட்டது. 1945 பிப்ரவரி முதல் இருபத்துநான்கு வாரம், அதில் ஏறத்தாழப் பாதியாகிய 1,570 கலோரி அளவில், உருளைக்கிழங்கும் கிழங்கு வகைகளும் ரொட்டியும் மாக்கரோனியுமாக, நாளுக்கு இருவேளை மட்டும் அளிக்கப்பட்டது. வாரந்தோறும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நடத்தலும் அவர்கள் கடமையாயிற்று.

பயன் யாதாயிற்று? எடை குறைந்தது, ஆறு மாதத்தில் உடலெடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை அவர்கள் இழந்தனர். ஆயின் அவ்வெடையோடு குறைந்தவை பல. படுத்திருக்குங்கால் உடல் செய்யும் அடிப்படைச் செலவு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு வீழ்ந்தது. நாடி தளர்ந்தது, கோடையிலும் குளிர் வருத்திற்று, கால்கள் வீங்கின, வலிமை குன்றிற்று. உடலினும் உள்ளம் பட்ட பாடே பெரிது. நல்லுள்ளமும் நல்லறிவும் வாய்ந்த அவ்விளைஞர் படிப்பிலும் நட்பிலும் நாட்டமிழந்தனர். சிறு செய்திக்கும் சினந்தனர். உணவொன்றையே பேசினர், உணவையே கனவு கண்டனர். சமையற் புத்தகங்களைத் தேடித் திரட்டியோரும், தட்டை நக்கியோரும், ஒரு வேளை உணவை நீரிற் கலந்தும் சிறிது சிறிதாக்கியும் நெடுநேரம் உண்டோரும் அவருள் இருந்தனர். 32 பேரே இறுதிவரை நின்றனர். மீண்டும் உணவூட்டத் தொடங்கியபோது, பலர் வயிறு நிறைந்த பின்னும் பசி தீராது தவித்தனர். இழந்த தசை முழுதும் மீளுமுன்னரே கொழுப்பு மீண்டது. மீண்டதோடமையாது முன்னிருந்த அளவையும் கடந்தது. இவ்வரலாறு முழுதும் 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

இவ்விளைஞர் இயல்பாகவே மெலிந்தோர். சேமித்த கொழுப்பு அவர்பாற் சிறிதே இருந்தது. பருத்த உடலினர் அவரினும் நெடிது தாங்குவர் என்பதை மறுப்பார் இலர். அன்றியும், உணவு மிகக் குறைந்தால் உடல் எடை குறைதலையே நிறுத்திவிடும் என்று சிலர் கூறுவதும் பொருந்தாது. மின்னசோட்டா இளைஞர் எடை குறைந்துகொண்டேதான் இருந்தது. உடல் செய்வது வேறு. வருவாய் குறைந்த இல்லத்தார் விளக்குகளைத் தணித்துவைத்தல் போல, அது தன் செலவைச் சுருக்குகின்றது. சுருங்கும் செலவோ, ஏட்டுக் கணக்கு உறுதிகூறிய பயனை நாளுக்கு நாள் குறைத்துவிடுகின்றது.

இச்சுருக்கத்திற்குரிய தூதுவன் ஒன்றை 1994-இல் நியூயார்க்கு நகரில் ஃப்ரீட்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுக்களே சுரக்கும் அப்பொருளுக்கு லெப்டின் என்று பெயர். குருதியில் அது மிக்கிருக்குங்கால், சேமிப்பு நிறைந்துளது என்று மூளை அறிகின்றது. குறையுங்கால் பஞ்சம் வந்ததென்று கொண்டு பசியைத் தூண்டிச் செலவைக் குறைக்கின்றது. ஒருவர் திடீரென உணவைப் பெரிதும் குறைத்தால், உடற்கொழுப்புக் குறைவதற்கு முன்னரே லெப்டின் விரைந்து குறைந்துவிடும். உடல் இன்னும் பருத்திருக்கவும் மூளைக்குப் பஞ்சச் செய்தி எட்டிவிடும். இளைக்க முயல்வோரின் பசி மனவுறுதியின்மையால் மட்டும் எழுவதன்று என்பது இதனால் விளங்கும்.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் காட்டுவோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2009-இல் நடந்த உடலிளைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்டோர், கடும் உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் உடற்பயிற்சியாலும் முப்பது வாரத்தில் பேரளவு இளைத்தனர். அவருள் 14 பேரைக் கெவின் ஹால் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஆறாண்டு கழித்து ஆராய்ந்து 2016-இல் முடிபு வெளியிட்டனர். அன்னோர் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தனர். அதில் 41 கிலோ மீண்டுவிட்டது. அதனினும் வியப்பு யாதெனின், அவர்களின் ஓய்வுநிலைச் செலவு, அவ்வெடையும் வயதும் உடையோர்க்கு எதிர்பார்க்கும் அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே இருந்தது. எடை திரும்பி வந்தது. சுருங்கிய செலவு திரும்பி விரியவில்லை.

குறைவது எதுவெனவும் நோக்குவோம். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து உண்டு. தன் எடையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீரை அது தன்னோடு பிணித்து வைத்திருக்கும். உணவு குறைந்தவுடன் முதலிற் கரைவது அதுவே. நம் மாணவர் முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இழந்து மகிழ்ந்ததன் காரணம் இதுவாம். இழந்ததிற் பெரும்பகுதி நீரே. அதன்பின் கொழுப்போடு தசையும் கரையத் தொடங்கும். உண்ணும் புரதம் குறையக் குறையவும், உடலுழைப்பு இல்லாதபோதும் தசையின் பங்கு மிகும். தசை வலிமைக்கு நிலைக்களம் மட்டுமன்று. ஓய்வுநிலையிலும் கலோரியைச் செலவிடும் உறுப்புமாகும். அதனை இழத்தல், இளைத்த உடலைக் காத்து நிற்கும் காவலனை இழத்தலாம்.

எடை மிக விரைந்து குறைவதால் பித்தப்பையில் கற்கள் தோன்றுதலும் உண்டு. குறைவுணவோடு தரம் குன்றிய புரதத்தையும் கொண்டு 1970-களில் அமெரிக்காவில் பரவிய திரவப் புரத உணவுமுறை பெருந்தீங்கு விளைத்தது. அதனைக் கைக்கொண்டோருள் ஏறத்தாழ 60 பேர் இறந்த செய்தியை 1977, 1978-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு அரசினர் ஆராய்ந்தனர். இதயத்துடிப்பு நிலைகுலைந்து இறந்தோர் அவருட் பலர். அவர்களும் விரைவில் இளைத்தோரே என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வாறாயின், எவரும் எஞ்ஞான்றும் மிகக் குறைத்து உண்ணலாகாதோ எனின், அவ்வாறு கூறுவதும் நடுவுநிலை ஆகாது. பிரிட்டனில் லீன், டெய்லர் என்னும் இரு பேராசிரியர் தலைமையில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், நீரிழிவு தோன்றி ஆறாண்டு கடவாத, பருத்த உடலினர் 306 பேர் பங்குகொண்டனர். அவருட் பாதிப்பேர்க்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் அளிக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் அவருள் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றி நீரிழிவு தணிந்த நிலையை அடைந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் அவ்வாறு தணிந்தோர் நூற்றுக்கு 4 பேரே. இஃது அரியதொரு வெற்றியே. ஆயின் அவர்கள் உண்டது, புரதமும் உயிர்ச்சத்துக்களும் உப்புக்களும் அளந்து சேர்த்த உணவு. அவர்களை மருத்துவரும் செவிலியரும் தொடர்ந்து நோக்கினர்; மருந்துகளை முறைப்படி மாற்றினர்; மீண்டும் இயல்புணவிற்குப் படிப்படியாக இட்டுச் சென்றனர். விடுதி அறையில் தனித்திருந்து, காலைச் சிற்றுண்டியைத் தவிர்த்து, நண்பகலில் கைப்பிடிச் சோற்றோடு எழுந்துவிடும் மாணவர் அம்முறையைப் பின்பற்றினாராகார்.

இலக்கிற்குச் சிறிது குறைய ஒரு நாள் உண்டுவிட்டால் தீங்கு வருமோ என அஞ்சவும் வேண்டா. உடல் நள்ளிரவில் ஏட்டை மூடிக் கணக்கு முடிப்பதன்று. ஒரு நாள் 1,500-உம் மறுநாள் 1,900-உம் ஆயின் சராசரி 1,700 என்பதே பொருள். பசியில்லாத நாளில் எண்ணை நிரப்புதற்கென வலிந்து உண்ணுதலும் வேண்டுவதன்று. நாள்தோறும், வாரந்தோறும், இலக்கினும் பெரிதும் தாழ உண்ணுதலையே யாம் தவறென்கின்றோம். பொதுவாக, இளைக்க விரும்பும் பெண்டிர்க்கு 1,200 முதல் 1,500 வரையும், ஆடவர்க்கு 1,500 முதல் 1,800 வரையும் என அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2013-இல் எல்லை வகுத்தன. அவ்வெல்லைக்குக் கீழிறங்க விரும்புவோர் மருத்துவர் துணையின்றி இறங்கலாகாது.

எடை குறையவில்லை என்று கண்டவுடன் உணவை மேலும் குறைக்க முற்படுவார்க்கு ஒன்று கூறுவோம். முதலில் கணக்கை ஆராய்க. 1992-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், குறைத்துண்டும் இளைக்கவில்லை என்று முறையிட்டோரை ஆராய்ந்தபோது, அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக நூற்றுக்கு 47 பங்கு குறைத்தே கூறியிருந்தமை புலப்பட்டது. அவர்கள் பொய்யர் அல்லர். சட்டினியில் ஊறிய எண்ணெயும், பேச்சினிடையே கொறித்த முறுக்கும், காப்பியிற் கலந்த சர்க்கரையும் எவர் நினைவிலும் நில்லா. ஆகவே, பட்டினியைக் கூட்டுமுன் அளவைத் திருத்துதலே அறிவுடைமை.

உடலிளைப்பே வேண்டாதாரும் உளர். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 18.5-க்குக் கீழ்ப்படின் உடல் முன்னரே மெலிந்தது என்பர். நம் நாட்டினர்க்கு 23-க்கு மேற்பட்டபோதே எடை மிகையெனக் கொள்வர். வளரும் பருவத்தினரும், கருவுற்ற மகளிரும், பாலூட்டும் தாய்மாரும், நீரிழிவிற்கு மருந்துண்போரும் தாமாக உணவைக் குறைத்தலாகாது. இலக்கிற்குக் கீழ் உண்டபோது பெருமிதமும், இலக்கை எட்டியபோதே குற்றவுணர்ச்சியும் ஒருவர்க்குத் தோன்றுமாயின், அவர் நாணாது அதனைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ வெளிப்படுத்துக. அவ்வுணர்ச்சி உண்ணாநோயின் தொடக்கமாதல் கூடும். அந்நோய் உயிரையும் கவரவல்லது. தோழர் ஒருவர் மெலிதலைக் கண்டு புகழுமுன், அவர் உண்கின்றாரா என்று நோக்குதல் நட்பின் கடமையாம்.

அம்மாணவர்க்கு யாம் கூறிய மறுமொழியின் சாரம் இதுவே. இலக்கு என்பது முந்திக் கடக்க வேண்டிய எல்லைக்கோடு அன்று. கைவிடாது நின்று நடத்தற்குரிய பாதை. அப்பாதையில் நடத்தற்கு வேண்டுவனவும் எளியவையே. மூன்று வேளையும் ஏதேனும் ஒரு வகையிற் புரதம் இருக்கட்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொள்க. சோற்றைக் குறைத்த இடத்தைக் கீரையும் காயும் நிரப்புக. எண்ணெயைக் கண்ணால் அளவாது கரண்டியால் அளக்க. நாள்தோறும் நடக்க, வாரத்தில் இரண்டு மூன்று நாளேனும் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்க. எடையை நாள்தோறும் நோக்கி மகிழ்ந்தும் வருந்தியும் அலையாது, வாரங்களின் போக்கை நோக்குக. மயக்கமோ, படபடப்போ, முடியுதிர்தலோ, மகளிர்க்கு மாதவிடாய் நிற்றலோ காணின் உடனே மருத்துவரை நாடுக.

மாணவர் அன்று முழுதும் உடன்பட்டாரல்லர். "மெல்லச் சென்றால் காலம் நீளுமே, ஐயா!" என்றார். "நீளட்டும், நீண்ட காலம் நடக்கவேண்டிய வழி அன்றோ அது!" என்றோம். அவர் மீண்டும் மருத்துவரிடம் சென்றார், 1,700-க்குத் திரும்பினார். முதல் இரண்டு வாரத்தில் எடை சிறிது ஏறியது கண்டு கலங்கினார். நீர் மீள்கின்றது, அஞ்சற்க என்று தேற்றினோம். பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறையலாயிற்று. ஆண்டு முடிவில் அவர் ஆறு கிலோ இளைத்திருந்தார். தேர்விற்கும் சோர்வின்றிப் படித்தார்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயரை அடுக்கினாரல்லர். பத்துக் குறளுள் பெரும்பாலனவற்றை உணவின் அளவிற்கே உரியனவாக்கினார். அதன் முதற்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், உணவும் செயலும் ஒருவன் உடலியல்பிற்கு ஒத்த அளவின் மிகுதலோடு குறைதலையும் சேர்த்தே நோய்க்குக் காரணமாகக் கொண்டார். மிகையை மட்டும் அஞ்சிக் குறையை அஞ்சாதிருத்தல் அவ்வறிவுரையிற் பாதியை மறத்தலாம். படிகளில் ஏறிச் செல்ல வலிமையற்ற உடல் எத்துணை இளைத்திருப்பினும் பயனில்லை. உணவைக் குறைத்தல் தக்கோர் அளவறிந்து குறைப்பாராக. குறைத்த அளவையேனும் குறையாது உண்பாராக.